பிளாஸ்டிக் கூரை ஷீட் வெட்டும்போது உருகுது, பொரியுது, குதிக்குது: எதுக்கு எதைப் பாக்கணும்

சவுத் ஆப்பிரிக்காவுல டர்பன்ல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரபேங்க்னு எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் கார்போர்ட்டோ வராந்தாவோ துணி காயப்போடுற பின்பக்கமோ, ஏதோ ஒண்ணுக்கு பிளாஸ்டிக் ஷீட்டு போட்டிருப்பாங்க. கடல் காத்து தகரத்தைத் தின்னுடுது, வெளிச்சமும் வேணும், அதனால பாலிகார்பனேட்டோ பிவிசியோ வாங்கிட்டு வந்துடறாங்க. வாங்கறதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல, பக்கியில (பிக்கப் வண்டியில) ஏத்திட்டு வந்து மெஷினை வச்சதும்தான் போன் வருது. வர்ற போன் எல்லாம் பத்து கம்ப்ளெயிண்டுக்குள்ள அடங்கிடும், எல்லாரும் முதல்ல சொல்றது "ஷீட்டு டூப்ளிகேட் போல அண்ணே"ன்னுதான். நான் போய்ப் பாத்த வரைக்கும் ஷீட்டு மேல தப்பு இருந்தது ரொம்பக் கம்மி. பிளேடு, இல்லன்னா ஷீட்டுக்கு அடியில கொடுத்த முட்டு, இந்த ரெண்டுல ஒண்ணுதான் பெரும்பாலும். அதனால புது மெஷின் வாங்க ஓடறதுக்கு முன்னாடி கீழ இருக்கற வரிசையில பாத்துட்டு வாங்க, காசு செலவில்லாததை முதல்லயும் செலவாகறதைக் கடைசியிலயும் வச்சிருக்கேன்.

கையில இருக்கறது எந்த ஷீட்டுன்னு முதல்ல பாருங்க

பாதிப் பேரு எல்லாத்தையும் ஃபைபர் ஷீட்டுன்னுதான் சொல்றாங்க, ஆனா ஒண்ணுக்கு ஓடற பிளேடு இன்னொண்ணை ஒடச்சிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிட்டு, ஓரத்துல ஒரு சின்ன துண்டு வெட்டி மடக்கிப் பாருங்க. நல்லா மடங்கி ஒடையாம நின்னா பாலிகார்பனேட். மடிச்ச இடம் வெள்ளையாகி, பழசா இருந்தா பட்டுன்னு ஒடஞ்சா பிவிசி. மடங்கவே மாட்டேன்னு கண்ணாடி மாதிரி சட்டுன்னு ஒடஞ்சா அக்ரிலிக். விளிம்புல நார் நாரா தெரிஞ்சா அதுதான் நிஜ ஃபைபர்கிளாஸ். குறுக்கால பாத்தா சின்னச் சின்ன குழாய் அடுக்கின மாதிரி ரெண்டு சுவரா இருந்தா அது மல்ட்டிவால் பாலிகார்பனேட்.

சூட்டுல எது முதல்ல இளகும்னு தெரிஞ்சா போதும்: பிவிசி 80 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சிடும், அக்ரிலிக் 105 பக்கம், பாலிகார்பனேட் 150 வரைக்கும் தாங்கும்.

இன்னொண்ணு, இதைப் படிக்காம மெஷினை எடுக்காதீங்க. பழைய கவுன்சில் (நகராட்சி கட்டின) வீடுகள்ல கூரை சாம்பல் கலர் சிமெண்ட் ஷீட்டா இருக்கும், நடுவுல வெளிச்சத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு சொருகியிருப்பாங்க. அந்த சாம்பல் ஷீட்டு ஆஸ்பெஸ்டாஸா (தூளைச் சுவாசிச்சா நுரையீரலைக் கெடுக்கற நார் கலந்ததா) இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, சவுத் ஆப்பிரிக்காவுல அதுக்குத் தடை வந்ததே 2008லதான். அது பக்கத்துல கிரைண்டர், டிரில், சா எதுவும் ஓடக்கூடாது, பிளாஸ்டிக்கை மட்டும்தானே வெட்டறேன்னு நினைச்சாலும் பிளேடு ஓவர்லாப்புல உரசிடும். எத்தனை வருஷம் பழசுன்னு தெரியலன்னா ஆஸ்பெஸ்டாஸ்னே வச்சுக்கங்க. பெயிண்ட் அடிச்சிருந்தா ஆபத்தில்லன்னு சிலர் சொல்றாங்க, பெயிண்ட் இருக்கற வரைக்கும்தான் அது, பிளேடு பட்டா பெயிண்ட் எங்க போச்சு. இங்க நீங்களும் நானும் செய்யற வேலை இல்ல, ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கறதுக்குன்னே ரிஜிஸ்டர் பண்ணின கான்ட்ராக்டர் இருக்காங்க, அவங்களைத்தான் கூப்பிடணும்.

வெட்டின இடம் பின்னாலேயே உருகி ஒட்டிக்குது

அதிகமா வர்ற கம்ப்ளெயிண்ட் இதுதான். பிளேடு முன்னால போயிட்டே இருக்கும், பின்னால திரும்பிப் பாத்தா வெட்டின கோடு மூடியிருக்கும், பிளேடுல பிசின் மாதிரி உருண்டையா சுத்தியிருக்கும்.

முதல்ல வெயிலைப் பாருங்க. ஆகஸ்ட் மாசம் பெர்க் விண்ட் (மலைப் பக்கம் இருந்து வர்ற சூடான காத்து) அடிக்கிற அன்னைக்கு குளிர்காலத்துலயே சுடுது, அன்னைக்கு முற்றத்துல காலையில இருந்து கிடக்கற டார்க் கலர் ஷீட்டுல கை வைக்க முடியாது. பிவிசின்னா பாதி இளகினதைத்தான் நீங்க வெட்ட ஆரம்பிக்கறீங்க. நிழலுக்கு இழுத்துட்டுப் போய் ஆறவிட்டு வெட்டுங்க, நிறைய நேரம் இதோடயே சரியாயிடும்.

அடுத்தது உங்க கை. பயந்துட்டே மெதுவா தள்ளறவங்களுக்குத்தான் உருகுது, ஏன்னா பல்லு வெட்டாம ஒரே இடத்துல தேய்ச்சுட்டு நிக்குது. பிளேடு முழு வேகம் எடுத்த அப்புறம் உள்ள விட்டு, நிக்காம ஒரே சீரா தள்ளுங்க. நடுவுல நிறுத்தணும்னா பிளேடை வெளிய எடுத்துட்டு நிறுத்துங்க, உள்ள வச்சுட்டே நிறுத்தினா அங்கயே ஒட்டிக்கும். சரியா ஓடுதான்னு தூளைப் பாத்தே சொல்லிடலாம்: தனித்தனி சீவலா பறந்தா நல்லது, நூல் மாதிரி இழுபட்டா சூடு ஏறுதுன்னு அர்த்தம். மூக்கை அரிக்கிற புளிச்ச வாடை வந்தா பிவிசி கருகுது, அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல், மெஷினை நிறுத்திட்டு தள்ளிப் போயிடுங்க.

ஜிக்சாவுல வெட்டறீங்கன்னா வேகத்தைப் பாதிக்குக் குறைங்க. பக்கத்துல இருக்கற பெண்டுலம் லீவரை (பிளேடை முன்னும் பின்னும் ஆட வைக்கறது) சைபர்ல வையுங்க, அது மரத்துக்கு உள்ளது. சர்க்குலர் சாவுக்கு வேகத்தைக் குறைக்க வேணாம், தள்ளற விதத்தை மட்டும் சரி பண்ணினா போதும்.

கிரைண்டர்னா, நேராவே சொல்றேன், அதை ஓரமா வையுங்க. 115 மில்லிமீட்டர் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து ஓடுது, அதுல மாட்டற கல்லு தேய்ச்சுத்தான் வெட்டுது, பல்லு கிடையாது. பாலிகார்பனேட்லயும் பிவிசியிலயும் உருகாம வெட்டணும்னா ரொம்பப் பொறுமை வேணும். வேற வழியே இல்லன்னா 1 மில்லிமீட்டர் மெல்லிசு டிஸ்க் போட்டு, ஒரு ஜாண் வெட்டி எடுத்து ஆறவிட்டு, திரும்ப ஒரு ஜாண்னு போங்க. கிரைண்டர் நல்லா ஓடற இடம் ஃபைபர்கிளாஸ் ஒண்ணுதான்.

இதெல்லாம் பாத்தும் உருகினா பிளேடைக் கழட்டுங்க, கழட்டறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிடுங்க. பல்லு இடுக்குல பிளாஸ்டிக் ஒட்டியிருந்தா சோப்புத் தண்ணியில ஊறவச்சு பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சா போயிடும். பல்லு மழுங்கியிருந்தா அந்த பிளேடு இனி மரத்துக்குத்தான்.

கடைசியா செலவு. 185 மில்லிமீட்டர் சாவுக்கு 24 பல்லு பிளேடு மெஷினோடவே வரும், அது பலகை அறுக்கறதுக்கு. பிளாஸ்டிக்குக்கு 60ல இருந்து 80 பல்லு வேணும். பல்லு முன்னால சாஞ்சு கொத்தாம நேராவோ கொஞ்சம் பின்னால சாஞ்சோ இருக்கற பிளேடுன்னா இன்னும் நல்லது, அலுமினியம் வெட்டறதுக்குன்னு விக்கறாங்களே அந்த மாதிரி. ஜிக்சாவுக்கு பாஷ் டி 101 ஏ பிளாஸ்டிக்குக்குன்னே வர்றது, வேற கம்பெனியிலயும் அதே மாதிரி கிடைக்கும். ஒரு கார்போர்ட்டுக்கு வாங்கற ஷீட்டு விலையில நல்ல பிளேடு ஒண்ணோட விலை பெருசா தெரியாது, ஆனா இதுலதான் எல்லாரும் மிச்சம் பிடிக்கறாங்க.

விளிம்பு பொரிஞ்சு சில்லு சில்லா போகுது, இல்ல விரிசல் உள்ள ஓடுது

உருகறதுக்கு நேர் எதிர் இது. பிவிசி, அக்ரிலிக், வெயில்ல பல வருஷம் கிடந்த எந்த ஷீட்டும் இப்படிப் பண்ணும்.

முட்டுதான் முதல்ல பாக்கணும். வெட்டற கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 10, 15 சென்டிமீட்டருக்குள்ள அடியில மரம் இருக்கணும். ரெண்டு நாற்காலி மேல ஷீட்டை வச்சு நடுவுல வெட்டறவங்களைப் பாத்திருக்கேன், ஷீட்டு தொப்பை போட்டு பிளேடை ரெண்டு பக்கமும் கவ்வும், அங்கதான் விரியுது. தரையில நாலு ரீப்பர் போட்டு அது மேல வச்சு வெட்டுங்க, இல்லன்னா பழைய பிளைவுட் மேல வச்சு பிளைவுட்டையும் லேசா கீறிட்டே போகற மாதிரி வெட்டுங்க. மேலயும் ஒரு பலகை வச்சு நடுவுல ஷீட்டை அமுக்கிட்டா விளிம்பு கத்தி வச்ச மாதிரி வரும்.

தள்ளற வேகத்தையும் பாருங்க, இங்க அவசரம்தான் எதிரி. அதுலயும் கடைசி ரெண்டு இஞ்சு. வெட்டி முடியப்போகுதுன்னு கையைத் தளர விடுவோம், வெட்டுப்படுற துண்டு தன் எடையில தொங்கும், மூலை பிச்சுக்கும். யாரையாவது அந்தத் துண்டைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லுங்க, தூக்கிப் பிடிக்கக் கூடாது, மட்டமா தாங்கினா போதும்.

காலையில குளிரா இருக்கறப்ப பிவிசி சீக்கிரம் விரியும். டர்பன்ல அவ்வளவா தெரியாது, ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கம் ஜூன், ஜூலையில ஃப்ராஸ்ட் விழுற காலையில அதைத் தொடவே தொடாதீங்க, பத்து மணி வெயில் பட்டப்புறம் எடுங்க. வெயில்லயும் வெட்டாத குளிர்லயும் வெட்டாதன்னா எப்பதான் வெட்டறதுன்னு கேப்பீங்க. நிழல்ல, மிதமான சூட்டுல.

பிவிசி நெளி ஷீட்டுக்கு ஒரு பழைய வழி இருக்கு, பிளைவுட்டுக்கு உள்ள பொடிப்பல் பிளேடைத் திருப்பி மாட்டறது. பல்லு கொத்தாம வழுக்கிட்டுப் போறதால சில்லு பறக்காது. நெளி ஷீட்டு கம்பெனிகள்ல சிலதே இதை வழிமுறையில சொல்லுது. நான் செய்வேன், ஆனா முழு ஸ்டீல் பிளேடா இருந்தா மட்டும். நுனியில கார்பைடு துண்டு ஒட்டின பிளேடைத் திருப்பி மாட்டினா அந்தத் துண்டு பிச்சுட்டுப் பறக்க வாய்ப்பு இருக்கு, கண்ணுல பட்டா அவ்வளவுதான். உங்க மெஷின் புஸ்தகத்துல கூடாதுன்னு போட்டிருந்தா விட்டுடுங்க.

விரிசல் ஏற்கனவே உள்ள ஓடிடுச்சுன்னா, அது முடியற நுனியில 5 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணு போடுங்க, அங்கயே நிக்கும். வெட்டி எறியற பக்கம் ஓடியிருந்தா கவலையே வேணாம். கூரையில நிக்கப்போற பக்கம் ஓவர்லாப்பைத் தாண்டி ஓடியிருந்தா அந்த ஷீட்டை மாத்தறதுதான் சரி, சிலிகான் போட்டு மூடினா அடுத்த மழையில தெரியும்.

பழைய ஷீட்டு எங்க தொட்டாலும் பொரியுதா? அதை வெட்டி வேற இடத்துக்குப் போடலாம்னு நினைக்காதீங்க. யுவி (வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர்) தின்ன ஷீட்டுக்கு எந்த பிளேடும் மருந்து இல்ல.

ஷீட்டு குதிக்குது, கடகடன்னு அதிருது

பிளாஸ்டிக் லேசா இருக்கறதால பிளேடு அதைத் தூக்கப் பாக்கும். கிளாம்ப் ரெண்டு போட்டீங்களா? போட்டும் அதிருதுன்னா கிளாம்புக்கும் வெட்டற கோட்டுக்கும் தூரம் அதிகம், கிட்ட கொண்டு வாங்க. கிளாம்ப் வாய்க்கு அடியில ஒரு மரத்துண்டு வையுங்க, இல்லன்னா அதோட அச்சு ஷீட்டுல நிக்கும்.

நெளி ஷீட்டுன்னா ஒரு சுலப வழி. ஒரே நீளத்துக்கு நாலஞ்சு வெட்டணும்னா எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு நெளிக்குள்ள நெளி உக்கார வச்சு, ஒண்ணா கிளாம்ப் பண்ணி சர்க்குலர் சாவுல ஒரே தடவை வெட்டுங்க. அடுக்கினா அதுவே கெட்டியாயிடும், அதிராது. ஒரே ஒரு ஷீட்டுதான்னா, மிச்சம் கிடக்கற பழைய துண்டை அதே நெளியோட அடியில வச்சுக்கங்க. ஆனா பிவிசியை ரொம்ப உயரமா அடுக்கி வெட்டினா நடுவுல இருக்கறது சூட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ரெண்டு மூணோட நிறுத்திக்கங்க.

சர்க்குலர் சா உங்க பக்கம் உதைச்சா அது அதிர்வு இல்ல, பிளேடு மாட்டிக்குது. உடனே சுவிட்சை விடுங்க, பின்னால இழுக்காதீங்க. முட்டு சரியில்லாம ஷீட்டு மூடிக்குது, இல்லன்னா கோட்டுல இருந்து மெஷின் திரும்பிடுச்சு. மெஷினுக்கு நேர் பின்னால நிக்காம ஒரு பக்கமா நின்னு வெட்டற பழக்கம் வேணும்.

ஜிக்சா பள்ளத்துல டக் டக்குன்னு குத்துது

இதுக்கு நிறையப் பேரு மெஷினையே மாத்திட்டாங்க, விஷயம் பிளேடு நீளம்தான். இங்க தகரக் கூரையில பரவலா இருக்கற ஐபிஆர் (IBR, பெட்டி மாதிரி மேடு உள்ள) வடிவத்துலயே பிளாஸ்டிக்கும் வருது, மேடு கிட்டத்தட்ட 36 மில்லிமீட்டர் உயரம். ஜிக்சா தட்டு மேட்டு மேல உக்காரும், வெட்ட வேண்டிய பள்ளம் 36 மில்லிமீட்டர் கீழ இருக்கு. பிளேடு மேல ஏறும்போது அதோட நுனி பள்ளத்தை விட்டு வெளிய வந்துட்டு, இறங்கும்போது ஷீட்டைச் சுத்தியல் மாதிரி குத்துது. அந்த இடத்துல நட்சத்திரம் மாதிரி விரிசல் விழும்.

பிளேடை முழுசா மேல வச்சு, தட்டுல இருந்து நுனி வரைக்கும் அளந்து பாருங்க. மேட்டு உயரத்தை விட ஒரு 10 மில்லிமீட்டராவது அதிகமா இருக்கணும். இல்லன்னா நீளமான பிளேடு வாங்கிக்கங்க. இதே காரணத்தாலதான் 115 மில்லிமீட்டர் கிரைண்டரும் ஐபிஆர்ல அடி வரைக்கும் எட்டாது, டிஸ்க்கோட ஆழம் 30 மில்லிமீட்டர் சுத்திதான் வரும், அப்புறம் ஷீட்டைத் திருப்பிப் போட்டு வெட்டினா ரெண்டு கோடும் சேராது. 185 சர்க்குலர் சாவுக்கு 60 மில்லிமீட்டருக்கு மேல ஆழம் இருக்கு, ஐபிஆர் குறுக்க வெட்டறதுக்கு அதுதான் என் கைக்கு. மேட்டு மேல நீளமா ஒரு பலகை வச்சு அது மேல மெஷினை ஓட்டுங்க, மேட்டுக்கு மேடு தட்டு விழுந்து எழாது.

கோடு கோணலா போகுது

நெளி மேல ஸ்கேல் வச்சு மார்க் பண்ணினீங்கன்னா கோணல்தான் வரும். ரெண்டு ஓரத்துலயும் அளந்து புள்ளி வச்சு, சுண்ணாம்புக் கயிறை இழுத்துப் பிடிச்சு அடிங்க, மேடு பள்ளம் எல்லாத்துலயும் விழலன்னா மேட்டுல விழுந்த புள்ளியை வச்சு மார்க்கர்ல சேருங்க. மார்க்கர் பிளாஸ்டிக் மேல படாம மேல ஒட்டி வர்ற பாதுகாப்பு ஃபிலிம் மேலயே போடுங்க. ஃபிலிம் இல்லாத ஷீட்டுன்னா மாஸ்கிங் டேப் ஒட்டி அது மேல.

கோடு நல்லா இருந்தும் வெட்டு சாயுதுன்னா ஜிக்சா பிளேடு மழுங்கினதோ வளைஞ்சதோ இருக்கும். புது பிளேடு போட்டும் சாஞ்சா ஜிக்சாவுல பிளேடைத் தாங்கற ரோலர் தேஞ்சிருக்கும், அது ரிப்பேர் கடை வேலை. நெளியோட நீளவாக்குல வெட்டறதுக்கு, ஷீட்டு மெல்லிசா ஒரு மில்லிமீட்டர் சுத்தி இருந்தா, மெஷினே வேணாம், தகரம் வெட்டற கத்தரி போதும். 4, 6 மில்லிமீட்டர் மல்ட்டிவாலுக்கும் அப்படித்தான், கூரான கட்டர் கத்தியும் நேரான அலுமினியப் பட்டையும் இருந்தா குழாய் ஓடற வாக்குல அழகா வெட்டிடலாம்.

மல்ட்டிவால் குழாய்க்குள்ள தூள் போய் உக்காந்துக்குச்சு

வெட்டி மாட்டின அப்புறம் வெளிச்சத்துல வெள்ளை வெள்ளையா தெரியும், வீட்டு அம்மா தினமும் அதைத்தான் பாப்பாங்க. பிளாஸ்டிக் தூள்ல ஸ்டாடிக் ஏறிடறதால தட்டினா விழாது. மாட்டறதுக்கு முன்னாடி ஒரு முனையில வேக்குவம் வையுங்க, மறுமுனையில கம்பிரஸர் காத்து அடிங்க. கம்பிரஸர் இல்லன்னா வெட்டும்போதே ஒருத்தர் வேக்குவம் பிடிச்சுக்கிட்டா பாதி வேலை மிச்சம். குழாய் வாயில மாஸ்கிங் டேப் ஒட்டி டேப்போட சேத்து வெட்டினா உள்ள போறது இன்னும் குறையும். தண்ணி ஊத்திக் கழுவலாமான்னு கேப்பாங்க, கூடாது, உள்ள ஈரம் நின்னு பாசி பிடிக்கும், நம்ம ஊரு ஈரக் காத்துல அது காயவே காயாது.

சுத்தம் பண்ணினதும் மேல் முனையில காத்துப் போகாத அலுமினிய டேப், கீழ் முனையில ஓட்டை உள்ள ஃபில்டர் டேப். ரெண்டையும் மாத்தி ஒட்டினா உள்ள வேர்க்கற தண்ணி வெளிய வராது. குழாய் எப்பவும் தண்ணி ஓடற சரிவு வாக்குலதான் இருக்கணும், இதை வெட்டறதுக்கு முன்னாடியே யோசிங்க, குறுக்கால போட்ட ஷீட்டுக்கு வைத்தியமே கிடையாது.

யுவி தடுக்கற பூச்சு உள்ள பக்கம் எதுன்னு ஃபிலிம்லதான் அச்சடிச்சிருக்கும். வெட்டும்போதே ஃபிலிமை முழுசா உரிச்சுட்டா எது மேல் பக்கம்னு அப்புறம் யாருக்கும் தெரியாது. ஓரத்துல மட்டும் ரெண்டு விரக்கடை உரிச்சு டேப் ஒட்டிட்டு, மிச்சத்தை மாட்டி முடிச்ச அன்னைக்கே உரிங்க, வெயில்ல விட்டா ஃபிலிம் பிசின் மாதிரி ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா தின்னர், பெட்ரோல், அசிட்டோன்னு எதையும் தொடாதீங்க, பாலிகார்பனேட்டுல கண்ணுக்குத் தெரியாத விரிசல் வலை மாதிரி விழும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியும் துணியும்தான்.

விளிம்புல பிசிறு

பிரச்சனையே இல்ல இது. கட்டர் கத்தி முதுகை நிமித்திப் பிடிச்சு ஓரத்துல இழுத்தா பிசிறு சுருண்டு வந்துடும், அப்புறம் மரக்கட்டையில 120 நம்பர் உப்புத்தாள் சுத்தி ரெண்டு இழுப்பு. சேண்டர் மெஷின் வேணாம், சூடாக்கித் திரும்ப உருக்கும். பிசிறை அப்படியே விடாதீங்க, விரிசல் பெரும்பாலும் அங்க இருந்துதான் ஆரம்பிக்குது.

மெஷின் இழுக்கமாட்டேங்குது, இல்ல கரண்ட் டிரிப் ஆகுது

சத்தம் கம்மியாகி வேகம் விழுந்தா உருகறதும் கூடவே வரும், அதனால இதைத் தனியா பாக்காதீங்க. பேட்டரி மெஷின்னா முழு சார்ஜ் பேட்டரி மாட்டிப் பாருங்க, கடைசிக் கோடு எரியறப்ப வெட்டாதீங்க. வயர் மெஷின்னா எக்ஸ்டென்ஷனைச் சுருள்ல இருந்து முழுசா பிரிச்சுப் போடுங்க. தெருக்கோடி வரைக்கும் மெல்லிசு வயரை இழுத்தா வோல்டேஜ் விழும். லோட்ஷெடிங் காலத்துல வாங்கி வச்ச சின்ன இன்வெர்ட்டர்லயோ ஜெனரேட்டர்லயோ ஓட்டறவங்களுக்கும் இதேதான், டிவிக்கும் லைட்டுக்கும் வாங்கினது சர்க்குலர் சாவை இழுக்காது.

எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கற பாதுகாப்பு சுவிட்ச்) விழுதுன்னா மழை ஈரம் பிளக்குல ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க. வேற மெஷினை அதே பிளக்குல போட்டு விழலன்னா உங்க மெஷின்ல லீக்கேஜ், ரிப்பேருக்குக் கொடுங்க. எதைப் போட்டாலும் விழுதுன்னா எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. டிபியில (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியில) கை வச்சு எர்த் லீக்கேஜை பைபாஸ் பண்ணித் தர்றேன்னு யாராவது பக்கத்து வீட்டு அங்கிள் சொன்னா டீ கொடுத்து அனுப்பிடுங்க.

பிளேடு ஆடுதா? பிளக்கைப் பிடுங்கிட்டு கையால சுத்திப் பாருங்க. பிளேடு நெளிஞ்சிருந்தா பிளேடு மாத்துங்க, தண்டே ஆடினா பேரிங் போச்சு, அதோட கூரை வேலை செய்யவேணாம்.

ஃபைபர்கிளாஸ்: நார் பிரியுது, உடம்பெல்லாம் அரிக்குது

இங்க உருகற பேச்சே இல்ல. பல்லு பிளேடு போட்டா நார் பிச்சுட்டு வரும், பல்லும் சீக்கிரம் போயிடும். டைமண்ட் டிஸ்க் போட்ட கிரைண்டர்தான் சரி. கோடு மேல மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டினா மேல் பூச்சு பேந்து வராது. தூள் தடுக்கற எஃப்எஃப்பி2 மாஸ்க், கண்ணாடி, முழுக்கை சட்டை, மூணும் இல்லாம ஆரம்பிக்காதீங்க, துணியைத் தனியா துவைங்க. அரிச்சா சுடுதண்ணி வேணாம், பச்சைத் தண்ணியில கழுவுங்க, தேய்க்காதீங்க. வெட்டின விளிம்புக்குக் கொஞ்சம் ரெசின் பூசிட்டா நார் தண்ணி குடிக்காது.

வெட்டினப்ப நல்லா இருந்துச்சு, மாட்டின அப்புறம் ஓட்டையில இருந்து விரியுது

வெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நினைப்பாங்க, ஆனா ஓட்டை போடறதும் வெட்டுதான். பாலிகார்பனேட் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.065 மில்லிமீட்டர் நீளும். 4 மீட்டர் ஷீட்டு 30 டிகிரி சூடேறினா கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். ஸ்க்ரூ அளவுக்கே ஓட்டை போட்டா அது எங்க போகும், விரியத்தான் செய்யும். ஸ்க்ரூவை விட ஓட்டை 2, 3 மில்லிமீட்டர் பெருசா இருக்கணும், விளிம்புல இருந்து 40 மில்லிமீட்டராவது உள்ள. ஸ்டெப் டிரில் (படிப்படியா அகலமாகற பிட்டு) இருந்தா ஓட்டை வட்டமா சுத்தமா வரும். சாதா பிட்டுன்னா அடியில மரம் வச்சு, அமுக்காம, மெதுவா. இம்பாக்ட் டிரைவர்ல ஸ்க்ரூவை கடைசி வரைக்கும் விட்டீங்கன்னா வாஷர் ரப்பர் பிதுங்கி ஷீட்டு குழிஞ்சிடும், கடைசி ரெண்டு சுத்து கையால. வாஷரை விரலால திருப்பினா லேசா திரும்பணும்.

ஓட்டை சரியா இருந்தும் விரியுதுன்னா சிலிகான் டியூப்பை எடுத்து மோந்து பாருங்க. வினிகர் வாடை அடிச்சா அது பாலிகார்பனேட்டுக்கு ஆகாது, நியூட்ரல் கியூர்னு போட்டதுதான் வாங்கணும்.

ஆளைக் கூப்பிடறது எப்ப

ஆஸ்பெஸ்டாஸும் கரண்டும் மேலயே சொல்லிட்டேன். மிச்சம் ரெண்டு. ஷீட்டு 16 மில்லிமீட்டர் மல்ட்டிவாலோ, வளைவா போடறதோ, ஒரே நீள வெட்டா பல ஷீட்டோன்னா வாங்கற கடையிலயே பேனல் சாவுல வெட்டித் தருவாங்களான்னு கேளுங்க. அளவை மட்டும் நீங்க ரெண்டு தடவை எடுத்துட்டுப் போங்க, அவங்க வெட்டித் தந்துட்டா திரும்ப வாங்கிக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, ஷீட்டு ஏற்கனவே கூரை மேல மாட்டியிருக்கு, அங்கயே ஏறி வெட்டணும்னா வேணாம். பிளாஸ்டிக் ஷீட்டு மேல எந்த இடத்துலயும் கால் வைக்கக் கூடாது, பழசானதுல தூசியும் பெயிண்டும் ஏறி தகரத்துக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது, வச்ச கால் நேரா கீழதான். ஸ்க்ரூவைக் கழட்டி கீழ இறக்கி வெட்டுங்க, இறக்க முடியலன்னா ஏணி, நடைபலகை, பெல்ட்டோட வேலை செய்யற கூரைக்காரரைக் கூப்பிடுங்க. காத்து அடிக்கற அன்னைக்கு அவங்களே வரமாட்டேன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க, 4 மீட்டர் ஷீட்டு ஒண்ணு பெர்க் விண்டுல பறந்தா ரெண்டு வீடு தள்ளித்தான் இறங்கும்.